மலைநாட்டுக் குளிரில் மீன் தொட்டி: அமோனியாவைக் கவனியுங்கள்

தொட்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, மருந்து இருக்கா என்று கேட்டுத்தான் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ஹட்டனில் அலங்கார மீன் விற்கிறவனாகச் சொல்கிறேன், பெரும்பாலும் அதற்கு மருந்து தேவையில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அமோனியா ஏறியிருக்கும்.

மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதற்கு வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்த பக்டீரியா பெருகி நாலு வாரத்தில் தொட்டி தயார் என்று யூடியூப்பில் சொல்வது கொழும்புச் சூட்டுக்குச் சரி. இந்த பக்டீரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 30 பாகை, நுவரெலியாவின் சராசரியோ 16 பாகைதான். 18 பாகையிலேயே அது பெருகும் வேகம் பாதியாகிவிடும். கோல்ட் பிஷ்ஷுக்கு ஹீட்டர் வேண்டாம் என்பது உண்மை, ஆனாலும் மீன் விடுவதற்கு முந்தைய வாரங்களில் ஹீட்டரைப் போட்டு வையுங்கள், அது பக்டீரியாவுக்காக.

அப்புறம் மலை ஊற்றிலிருந்து வரும் நம்ம பீலித் தண்ணீர். குடிக்க அருமை, ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீரின் காரத்தன்மை கரைந்து பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், 6க்குக் கீழே போனால் வேலை ஏறக்குறைய நின்றே விடும். அந்த நிலையில் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற வேறு வடிவத்தில், அதிகம் கெடுதலில்லாமல் கிடப்பதால் மீனும் நன்றாகத்தான் இருக்கும். பல மாதம் கழித்து யாராவது முக்கால் தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் பிஎச் சட்டென்று ஏறி, மிஞ்சிக் கிடப்பது நஞ்சாகிவிடும். 25 பாகையில் பிஎச் 7 என்றால் நஞ்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு, 8 என்றால் சுமார் 5 சதவீதம். "தண்ணீர் மாத்தினதாலதான் செத்துச்சு" என்பவர்களிடம் தண்ணீரே மாற்றாதீர்கள் என்றா சொல்ல முடியும்? பழைய தொட்டியில் தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், சுண்ணாம்புச் சத்துக்காக பில்டருக்குள் ஒரு கைப்பிடி சிப்பி ஓடு போடுங்கள்.

பில்டர் ஸ்பொஞ்சை டவுன் பைப்பில் பிழிந்து கழுவாதீர்கள், குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். கரண்ட் பல மணிநேரம் இல்லாமல் போனால் மூடிய பில்டரைத் திறந்து கழுவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

சோதனைக் கிட் வாங்க வசதியில்லையா, ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். மீனைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடும்.