ஸ்கேஃபோல்ட்: சட்டகம் அல்ல, சாரக்கட்டு

எலும்பு வளர உள்ளே வைக்கும் ஸ்கேஃபோல்டை 'எலும்புச் சட்டகம்' என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள்தான் படிப்பது? போன வாரம் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில் பக்கத்துக்குப் பக்கம் சட்டகம்.

ஸ்கேஃபோல்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், அடிப்படைப் பொருள் மேடை. தூக்குமேடைக்கும் கட்டட வேலைக்குக் கட்டுவதற்கும் அதே பெயர்தான். மருத்துவம் எடுத்துக்கொண்டது கட்டடத்துப் பொருளை.

விபத்திலோ, கட்டியை அகற்றியதிலோ எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் அது தானாக மூடாது. அங்கே நுண்துளைகள் நிறைந்த ஒரு துண்டை வைக்கிறார்கள். எலும்பிலேயே இருக்கும் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டோ, 1969-ல் அமெரிக்க விஞ்ஞானி லாரி ஹென்ச் உருவாக்கிய, எலும்போடு ஒட்டும் கண்ணாடியான பயோகிளாஸோ ஒரு பாதி, உடம்புக்குள் சிதையும் பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்) மறுபாதி. கனிமம் தனியாக நின்றால் நொறுங்கும், பாலிமர் தனியாக நின்றால் எலும்போடு சரியாகப் பிணையாது, அதனால்தான் கூட்டுப்பொருள். துளைகள் 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, குறையாமல் இருந்தால் உயிரணுக்களும் ரத்தக்குழாய்களும் உள்ளே போக வசதி. புது எலும்பு வளர வளரத் துண்டு கரைந்து இடம்விட வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைத்தான் சட்டகம் என்ற சொல் கொன்றுவிடுகிறது. சட்டகம் போட்டால் போட்டதுதான், அது கூடவே இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோபுரத் திருப்பணி நடந்தால் சவுக்குக் கம்பை நட்டுக் கயிற்றால் இறுக்கிச் சாரம் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் 'சாரம் பிரிச்சாச்சா?' என்று கேட்பார்கள். கட்டுவது, ஏறி நின்று வேலை செய்வது, பிரிப்பது மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சாரம் வெளியே நிற்பது, இது உள்ளே இருப்பது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்திலும் அது வெளியே நிற்பதுதானே, அவர்கள் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் மட்டும் ஏன் இடத்தைப் பார்க்க வேண்டும்?

ஒரு எதிர்ப்பு மட்டும் நியாயமானது. எங்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டும் லுங்கி, 'எலும்புச் சாரம்' என்றால் எலும்பைக் காய்ச்சி எடுத்த சத்து என்றும் படும். சரி, சாரக்கட்டு என்று எழுதுங்கள், குழப்பம் தீர்ந்தது. ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தான். கொள்கைச் சட்டகம், சட்டச் சட்டகம் என்று எதற்கெடுத்தாலும் சட்டகம் போடுகிறவர்கள் ஒருமுறை கொத்தனாரிடம் கேட்டிருக்கலாம்.

அதே மொழிபெயர்ப்பில் 'லோக்கல் டிரக் டெலிவரி'க்கு 'உள்ளூர் மருந்து விநியோகம்' என்றும் இருந்தது. உள்ளூர் என்றால் ஊருக்குள் என்றுதான் தமிழில் பொருள். எலும்பில் சீழ் பிடித்தால் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றிய பிளாஸ்டிக் மணிகளை உள்ளே வைப்பதும், பிறகு இன்னொரு அறுவை செய்து அவற்றை எடுப்பதும் பழைய முறை, கரையும் சாரக்கட்டில் மருந்தை ஏற்றினால் அந்த இரண்டாவது அறுவை மிச்சம். இதை 'புண்ணிடத்திலேயே மருந்து கசியவிடுதல்' என்று எழுதினால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப்போகிற ஆளுக்கும் விளங்கும்.