படுக்கையருகே மூச்சை எண்ணுகிறவர்கள்

பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தங்கையும் அம்மாவின் கட்டிலுக்கு இருபுறமும் நிற்கிறார்கள். அம்மா கண் திறந்து, இருவர் கைகளையும் சேர்த்துவைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் தலை சாய்கிறது. குடும்பப் படங்களில் நாம் மனம்விட்டு அழுத காட்சி இது. ஆனால் நாள்பட்ட நோயில் உயிர் பெரும்பாலும் இப்படிப் பிரிவதில்லை. இதை அறியாத பிள்ளைகள், ‘எனக்கென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே’ என்று பின்னாளில் நொந்துபோகிறார்கள். அந்த வேதனையில் ஒரு பகுதியையாவது உடலியல் ஆற்றும் என்று நம்புகிறேன்.

முதலில் பசி போகிறது, தூக்கம் கூடுகிறது, பேச்சு நின்றுவிடுகிறது. தளர்ந்த இதயம் உள்ளுறுப்புகளுக்கே ரத்தத்தைக் காத்துவைப்பதால் கைகால்கள் சில்லிடுகின்றன. விழுங்கும் அனிச்சைச் செயல் நின்றதும் தொண்டையில் தங்கும் கோழை கரகரக்கிறது. கேட்பவர் துடித்துப்போனாலும், நினைவிழந்திருப்பவர் அதைப் பெரும்பாலும் உணர்வதில்லை.

பிறகு மூச்சின் தாளம் மாறும். சிறு மூச்சுகள் படிப்படியாக ஆழமாகி, மீண்டும் தணிந்து, பத்து இருபது நொடிகள் அடியோடு நின்று, மறுபடி தொடங்கும். டப்ளின் மருத்துவர்களான ஜான் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்ததால் இது செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் எனப்படுகிறது. ரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவைப் பார்த்தே மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் மூச்சை நடத்துகிறது. இதயம் தளர்ந்து ரத்த ஓட்டம் மந்தமாகும்போது நுரையீரலின் நிலவரம் முகுளத்துக்குத் தாமதமாகவே எட்டுகிறது. தாமதமாக வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, அதற்குள் மாறிப்போன நிலைமைக்குப் பதில் எழுதுவதைப் போல, அது தேவைக்கு மேல் மூச்சு வாங்கச் சொல்கிறது. கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிட, மூச்சுக்கான தூண்டுதலே அற்றுப்போகிறது. வாயு மீண்டும் சேர்ந்த பிறகுதான் அடுத்த மூச்சு. அதுவரை, சுற்றி நிற்பவர்கள் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அணையப்போகும் விளக்கு சுடர்விடுவதைப் போலச் சிலர் இறுதி நாட்களில் தெளிந்து பேசுவதும் உண்டு, அது அரிது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது செவி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மரணத்துக்குச் சில மணி நேரமே இருந்த, எந்த அசைவும் காட்டாத நோயாளிகளுக்குச் சிறு ஒலிகளை வரிசையாகக் கேட்கச் செய்து, மூளையின் மின்அலைகளைப் பதிவுசெய்தார்கள். ஒலிவரிசை மாறியபோது, அவர்களில் சிலருடைய மூளை ஆரோக்கியமான இளைஞர்களின் மூளையைப் போலவே அதைக் கவனித்தது. கேட்டதன் பொருள் புரிந்தது என்று இது நிரூபிக்கவில்லை. ஒலி மூளையை எட்டுகிறது என்பதற்கு மட்டுமே சான்று.

ஆகவே அந்தக் காட்சியை உண்மைக்கு நெருக்கமாக எடுக்க விரும்பும் இயக்குநர் வசனத்தை அம்மாவிடமிருந்து எடுத்து, மூச்சுகளுக்கு இடையிலான அந்த நிசப்தத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் கொடுக்கலாம்.