மலைப்பாம்புக் குட்டி ஏன் கொத்துகிறது, எப்போது நிறுத்துகிறது

முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் பந்து மலைப்பாம்புக் குட்டியின் எடை ஏறக்குறைய 60 கிராம். அதைத் தூக்குவதற்குப் பெட்டிக்குள் கையை விடும் மனிதரின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவர் அக்குட்டியைவிட ஆயிரம் மடங்கு கனமானவர். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால், கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, மூச்சை நிரப்பிச் சீறி, வாயைத் திறந்தபடி பாயும் அந்தச் சிறு உயிரை ‘முரட்டுப் பாம்பு’ என்று சொல்லத் தோன்றாது. தப்பி ஓட இடமில்லாத நிலையில் அதனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி அதுதான்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு, பகல் நேரத்தை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. தாய்ப்பாம்பு ஏறக்குறைய இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும். குட்டிகள் வெளிவந்ததும் அந்தக் காவல் முடிந்துவிடும். அதன்பின் பருந்து, உடும்பு, சிறு ஊனுண்ணிகள், பிற பாம்புகள் என்று எல்லாவற்றுக்கும் அவை ஒரு வாய் உணவு. வளர்ந்த பாம்பு ஆபத்து வந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; அதன் பெயருக்கே அதுதான் காரணம். குட்டிகளும் சுருளும் என்றாலும், அவற்றில் பல முதலில் பாய்ந்து பார்க்கின்றன. பச்சை மர மலைப்பாம்பு, கம்பள மலைப்பாம்பு போன்ற இனங்களின் குட்டிகள் இதில் இன்னும் பேர்போனவை. பருவம் ஏற ஏற, உடல் பெருக்கப் பெருக்க, பெரும்பாலானவற்றில் இந்தப் பதற்றம் தானாகவே தணியத் தொடங்குகிறது. வளர்ப்பவரின் வேலை, அந்தத் தணிவைக் கெடுக்காமல் இருப்பதும் சற்று விரைவுபடுத்துவதும் மட்டுமே.

முதலில் கடியில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிரித்தறிய வேண்டும். தற்காப்புக்காகக் கொத்தும் பாம்பு தொட்ட கணமே விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல சமயம் வாயைச் சரியாக மூடுவதுகூட இல்லை. இரை என்று நினைத்துக் கடிக்கும் பாம்போ ஓசையின்றி வந்து, பற்றிய பிடியை விடாமல், உடலால் சுற்றி இறுக்கும். முன்னது அச்சம், பின்னது பசி. இரண்டுக்கும் மருந்து வேறு. அஞ்சும் குட்டிக்கு வேண்டியது நிதானம்; ஆளையும் இரையையும் குழப்பிக்கொள்ளும் பாம்புக்கு வேண்டியது தெளிவான அடையாளம். வளர்ப்போர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக்குவதிலிருந்து பிறக்கிறது என்பது என் கருத்து.

அந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பது பாம்பின் புலன்களைப் பார்த்தால் விளங்கும். பந்து மலைப்பாம்பின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சிறு குழிகள் வெறும் அலங்காரமல்ல. அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். இவற்றின் நரம்புகளில் அகச்சிவப்பு வெப்பத்தைக் கண்டுகொள்ளும் புரதம் எது என்பது 2010-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. நாம் கடுகைக் கடித்தால் ஏறும் காரத்தை நம் நரம்புகளுக்குச் சொல்லும் அதே வகைப் புரதம்தான், பாம்பில் வெப்பமானியாக மாறியிருக்கிறது. இந்த வெப்பச் செய்தி, கண்ணின் செய்தி சென்று சேரும் மூளைப் பகுதியிலேயே போய்ச் சேர்வதால், பாம்புக்கு நம் கை ஓர் உருவமாக மட்டுமன்றிச் சுற்றுப்புறத்தைவிட ஒளிர்ந்து நகரும் வெப்பத் திரளாகவும் தெரிகிறது. அத்திரள் தலைக்கு மேலிருந்து இறங்கினால் அது பருந்து. எலியைத் தொட்ட வாசனையோடு விரல் நுனி மட்டும் முகத்துக்கு எதிரே அசைந்தால் அது எலி. வாசனையைப் படிப்பது நாக்கின் வேலை; பிளவுபட்ட நாக்கு காற்றிலிருந்து திரட்டும் மூலக்கூறுகளை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு சோதித்துப் பார்க்கிறது. ஆகவே கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, பக்கவாட்டிலிருந்து, உடலின் நடுப்பகுதியை நோக்கி நீட்ட வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயமன்று.

காதைப் பற்றியும் ஒரு சொல். பாம்புக்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் அது செவிடு அன்று. பந்து மலைப்பாம்பை வைத்து 2012-இல் வெளியான ஆய்வொன்று, அது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளை நன்றாக உணர்கிறது என்றும், காற்றில் வரும் ஒலியைத் தலையெலும்பின் அதிர்வு வழியாகவே அறிகிறது என்றும் காட்டியது. பெயர் சொல்லிக் கொஞ்சுவதால் பாம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பெட்டி மீதிருக்கும் ஒலிபெருக்கியும் படாரென்று திறக்கும் மூடியும்தான் அதற்குப் பேச்சு.

இனி பழகுதல் என்பதற்கு வருவோம். பாம்பு நம்மை நேசிக்கக் கற்றுக்கொள்வதாகச் சொல்வது மிகை. நடப்பது அதைவிட எளியது, அதைவிடப் பழமையானதும்கூட. கடல் முயல் என்ற மெல்லுடலியின் மீது நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் செய்த ஆய்வுகள் அவருக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன. அந்த உயிரியின் உடலில் லேசாகத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கின்றித் திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பு குறைந்துகொண்டே போகும், ஏனெனில் நரம்புச் சந்திப்பில் சமிக்ஞையே மெலிந்துவிடுகிறது. ஆனால் இடையில் ஒருமுறை வாலில் வலிக்கும்படி அதிர்ச்சி கொடுத்தால், அதன்பின் சாதாரணத் தொடுகைக்கும் அது முன்னைவிடப் பலமாகத் துடிக்கும். பழகிப்போதலும் மிகையுணர்வும் இப்படி அடுத்தடுத்த வீட்டில் வசிப்பவை. ஐந்து நிமிட மென்மையான கையாளல் முதலாவதை வளர்க்கிறது; தலையை அழுத்திப் பிடித்து நடத்தும் அரைமணிப் போராட்டம் இரண்டாவதை வளர்க்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. குட்டி பாய்ந்ததும் நாம் திடுக்கிட்டுக் கையை இழுத்து மூடியைச் சாத்தினால், ‘கொத்தினால் அந்த வெப்பத் திரள் போய்விடுகிறது’ என்ற பாடத்தை அது கற்கிறது; மறுநாள் இன்னும் சீக்கிரமாகக் கொத்தும். எனவே பாம்பு பாயும்போது கையை அசைக்காமல் அதே இடத்தில் நிறுத்தி, அது தளர்ந்த பிறகு, நாமாக முடிவுசெய்த நேரத்தில் திருப்பி விட வேண்டும். அஞ்சுபவர்கள் மெல்லிய தோல் கையுறை அணிவதில் வெட்கமில்லை. கை நடுங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

தூக்கும் முறையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். சிறு கொக்கியாலோ சுருட்டிய காகிதத்தாலோ உடலின் நடுவில் மெதுவாக ஒரு தட்டு: ‘இது உணவு நேரமன்று’ என்பதற்கான அடையாளம் அது, ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும். ஓரிரு நொடி காத்திருந்தால் நாக்கு வெளியே வரும். நாக்கு வருகிறது என்றால் பாம்பு விசாரிக்கிறது. நாக்கே அசையாமல், கழுத்து வளைந்து, தலை கையின் போக்கைத் தொடர்ந்து திரும்பினால் அது குறிபார்க்கிறது. விசாரிக்கும் கணத்தில், உள்ளங்கையை உடலின் நடுவுக்கு அடியில் நுழைத்து, தயங்காமல் ஒரே சீராகத் தூக்க வேண்டும். பாதியில் தயங்கித் தயங்கி நீட்டும் கைதான் அதிகம் கடிபடுகிறது. தூக்கியபின் பிடிக்கக் கூடாது, தாங்க வேண்டும். அது முன்னே ஊர்ந்தால் ஒரு கையை அடுத்து மறு கையை முன்னால் வைத்துப் பாதை போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். முதல் வாரங்களில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

கையில் அசையாமல் கிடக்கும் பாம்பெல்லாம் அமைதியடைந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். உடல் விறைத்து, மூச்சு வேகமாகி, தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தால் அது உறைந்துபோயிருக்கிறது. தளர்ந்த பாம்பின் தசை கைவிரலில் தளர்வாகவே சுற்றும், நாக்கு நிதானமாக நீண்டு மேலும் கீழும் ஆடும், தலை தயக்கமின்றிப் புதிய பக்கம் நீளும். இந்த வேறுபாட்டை விரல்களே கற்றுக்கொள்ளும்.

ஆனால் பாதி வேலை கை உள்ளே போகாத நேரத்தில்தான் நடக்கிறது. புதிதாக வந்த குட்டியை முதல் ஒரு வாரமாவது தொடக் கூடாது. அது ஓரிரு முறை ஒழுங்காக உண்ட பிறகே கையாளத் தொடங்க வேண்டும். நாற்புறமும் கண்ணாடியாகத் திறந்து கிடக்கும் பெட்டி அதற்கு வெட்டவெளி. உடலின் பக்கங்கள் சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான பதுங்கிடம் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் இருந்தால், வெப்பத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி அதற்கு இராது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 அல்லது 26 என்ற அளவை தெர்மோஸ்டாட் (வெப்பத்தைச் சீராக வைக்கும் கருவி) வைத்துக் காக்க வேண்டும். குளிரில் தசை மந்தமாகும் பாம்பால் விரைந்து ஓட முடியாது. ஓட முடியாதது எதிர்த்து நிற்கும்.

கடித்துவிட்டால்? மலைப்பாம்புக்கு நஞ்சில்லை, குட்டியின் கடி முள் கீறியது போலத்தான் இருக்கும். ஆனால் பற்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால், பற்றிய வாயிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குளிர்ந்த நீரைத் தலைப்பக்கம் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். காயத்தைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவ வேண்டும்; கடிக்காவிட்டாலும், ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும் என்பதால் தொட்டபின் கை கழுவுவது கட்டாயம்.

சில நாட்கள் தொடாமலிருக்க வேண்டியவை. உண்டபின் இரண்டு முழு நாட்கள் அவற்றில் ஒன்று: இரையைச் செரிக்க மலைப்பாம்பின் வளர்சிதை மாற்றம் பல மடங்கு எகிறுகிறது, பர்மா மலைப்பாம்பில் சிறுகுடலின் எடையே ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அந்த நேரத்தில் தூக்கினால் இரையைக் கக்கிவிடும். மற்றொன்று சட்டை உரிக்கும் காலம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழலும். பழைய செதிலுக்கும் புதியதற்கும் நடுவே திரவம் ஊறும்போது கண் பால் கலந்த நீலமாகும், பார்வை மங்கும். மாதக்கணக்கில் கையில் அடங்கிக் கிடந்த குட்டிகூட அந்த நாட்களில் நிழலைக் கண்டு பாயலாம். மூடியைத் திறந்ததும் அந்த நீலக் கண் தெரிந்தால், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிவிட்டு மூடிவிடுங்கள்.