‘லாஸ்லெஸ்’: இழப்பற்ற, இழப்பின்றி

சிங்கப்பூரில் கச்சேரிகளைப் பதிவு செய்யும் இளையரிடமும், பெற்றோர் சேர்த்து வைத்த குறுந்தகடுகளைக் கணினிக்கு மாற்ற முனைவோரிடமும் ‘லாஸ்லெஸ்’ என்ற சொல் இன்று இயல்பாகப் புழங்குகிறது. பலர் அதற்கு ‘உயர்தர ஒலி’ என்று பொருள் கொள்கின்றனர். அது பிழையான பொருள். ஒரு கோப்பைச் சுருக்கி மீண்டும் விரிக்கும்போது, முதலில் அதில் ஒலியைக் குறித்த எண்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டுமே இச்சொல் குறிக்கிறது. இரைச்சலோடு பதிந்த பேச்சையும் இவ்வாறு சுருக்கலாம். அப்போது இரைச்சலும் சேர்ந்தே காக்கப்படும்.

இந்த ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி பழைய ஆங்கிலத்தில் அழிவையும், பிற்பகுதி ‘இல்லாத’ என்பதையும் குறித்தன. இரண்டுமே ‘தளர்த்து, பிரி, அறு’ என்னும் பொருளுடைய ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் ‘இழ’ என்னும் வினையடியிலிருந்து இழவு, இழப்பு ஆகிய இரு பெயர்கள் பிறந்தன. அழுகை தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இழவைக் கூறுகிறது. இன்றைய பேச்சில் அச்சொல் சாவையே பெரிதும் குறிப்பதால், கலைச்சொல்லுக்கு ‘இழப்பு’ என்பதே பொருந்தும். ‘இழப்பற்ற’ என்பதிலுள்ள ‘அற்ற’ என்பதும் ‘அறு’ என்னும் வினையின் வடிவமே.

‘இழப்பிலா’, ‘சேதமில்லா’ என்றும் சிலர் எழுதுகின்றனர். சேதம் பொருளுக்கு நேர்வது; இங்கே விடுபடுவது தகவல் என்பதால் அது பொருந்தவில்லை. கோப்பு வடிவத்தைக் குறிக்க ‘இழப்பற்ற’ என்ற பெயரடையும், செயலைக் குறிக்க ‘இழப்பின்றி மாற்றுதல்’ என்ற தொடரும் போதும் என்பது என் கருத்து. இரண்டாவதே எனக்கு மேலாகப் படுகிறது. இழப்பின்மை கோப்பின் அழகு அன்று, செயலின் இயல்பு என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக (ஒலி அலையின் அளவீடுகளாக), மாதிரிக்கு 16 பிட்டுகளாக (0 அல்லது 1 என்னும் இலக்கங்களாக), இரு தடங்களில் பதிகிறது. நொடிக்கு 14,11,200 பிட்டுகள். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வெளியிட்ட வேவ் வடிவம் பெரும்பாலும் இதைச் சுருக்காமலே வைத்திருக்கும். 2001இல் முதல் நிலைப்பதிப்பு கண்ட ஃபிளாக் என்னும் இழப்பற்ற வடிவம், அடுத்த மாதிரி எதுவாக இருக்கும் என்று முன்கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சிறு எண்களாக எழுதுவதால் இடத்தை மிச்சப்படுத்துகிறது. 2004இல் வந்த ஆப்பிளின் அலாக் வடிவமும் இவ்வகையே. ஆகவே வேவிலிருந்து ஃபிளாக்கிற்கும், அங்கிருந்து அலாக்கிற்கும் எத்தனை முறை மாற்றினாலும் ஒலி மாறாது.

ஆனால் 24 பிட் பதிவை 16 பிட்டாகக் குறைத்தால், வெளிவரும் கோப்பு ஃபிளாக்காகவே இருந்தாலும் இழப்பு நேர்ந்துவிட்டது. எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றுவோரும் ஏமாறுகின்றனர்: எம்பி3 ஏற்கெனவே களைந்த தகவல் திரும்பாது, கோப்பின் அளவு மட்டுமே கூடும். பாடகர் பெயர், அட்டைப்படம் போன்ற குறிப்புகள் வேவுக்கு மாறும்போது விடுபடலாம்; ‘இழப்பின்றி’ என்ற உறுதி ஒலிக்கே உரியது.

இம்மாற்றத்தை இப்போது உலாவிக்குள்ளேயே செய்ய முடிகிறது. 2019இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்அசெம்பிளி, எஃப்எஃப்எம்பெக் போன்ற, ஒலிக்கோப்புகளை மாற்றும் மென்பொருளை உலாவியிலேயே இயக்க வழிசெய்துள்ளதால், கோப்பு நம் கணினியைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. எனினும் சில தளங்கள் கோப்பைத் தம் சேவையகத்திற்கு ஏற்றியே மாற்றுகின்றன. வீட்டார் குரல்கள் அடங்கிய பதிவாயின் இவ்வேறுபாடு பெரிது. பக்கம் முழுதும் திறந்து, தேவையான மென்பொருள் இறங்கியபின் இணையத்தைத் துண்டித்து முயலலாம். அப்போதும் மாற்றம் நடந்தால், வேலை நம் கணினியிலேயே நடக்கிறது.