சதுர அடிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்

பேருந்து நிலையத்தை ஒட்டிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார். பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கிவிட்டு, கடைசியில் நாலாக மடித்த நில எடுப்பு அறிவிப்பை நீட்டினார். தனியார் பங்களிப்போடு வணிக வளாகம் வரப்போகிறதாம். ஆட்சேபணைக்கான 60 நாளில் எட்டு நாள்தான் பாக்கி. "சதுர அடிக்கு என்ன கிடைக்கும் சார்?" இது ஒன்றைத்தான் கேட்டார்.

நில எடுப்பு வழக்குகளில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு நான் நியூ லண்டன் கதையைச் சொல்வேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நலிந்து கிடந்த துறைமுக ஊர் அது. 1998-இல் ஃபைசர் மருந்து நிறுவனம் ஆய்வுக்கூடம் கட்டப்போவதாக அறிவித்தது. அதை ஒட்டிய ஃபோர்ட் டிரம்புல் பகுதியில் 90 ஏக்கரில் ஹோட்டல், அலுவலகம், குடியிருப்பு என்று நகர நிர்வாகம் திட்டம் போட்டது. ஆயிரத்துக்கு மேல் வேலை வரும், வரி வருமானம் கூடும், ஊர் எழுந்து நிற்கும் என்றார்கள். பலர் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் தங்கள் 15 சொத்துகளை விட மறுத்தார்கள். சூசெட் கீலோ என்பவருக்கு, ஜன்னலில் நின்றால் தண்ணீர் தெரியும் அந்தச் சின்ன இளஞ்சிவப்பு வீட்டை விட மனமில்லை. வில்ஹெல்மினா டெரி 1918-இல் தான் பிறந்த வீட்டிலேயே குடியிருந்தார். அவை பாழடைந்த வீடுகள் என்று நகர நிர்வாகமே சொல்லவில்லை.

வீடுகளைக் கட்டாயமாக எடுப்பதை எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2005 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயன்தான் என்று எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ். நாடே கொதித்தது, 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்தின. அந்த ஒன்பது பேருக்கு அது உதவவில்லை. பிறகு கட்டுமான நிறுவனத்துக்குக் கடன் கிடைக்கவில்லை. 2009-இல் ஃபைசரும் ஊரைவிட்டுக் கிளம்புவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த இடம் பல வருடம் புல் மண்டிக் கிடந்தது.

தீர்ப்பைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. வீட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்க முடிந்தது. சொன்னதைக் கட்டியே தீர வேண்டும் என்று எவரையும் நிர்ப்பந்திக்க முடியவில்லை.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் முன்சம்மதம் வேண்டும். நிலத்தை எடுப்பதால் அங்குள்ள மக்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடும் உண்டு. ஆகவே அந்த 60 நாளில் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் சம்மதத்தை எப்போது வாங்கினீர்கள்? மதிப்பீட்டு அறிக்கை எங்கே? கட்டாமல் விட்டால் நிறுவனம் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது? கூட்டத்தில் கத்திவிட்டு வருவது ஆட்சேபணை ஆகாது. மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கும் நாளிலும் கவனம் வேண்டும். தொகை போதாது என்று நினைத்தால், கையெழுத்துக்கு மேலே 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள். எழுதாமல் வாங்கியவர் கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையை இழக்கிறார். நல்ல வழக்குகள் இந்த ஒரு வரி இல்லாமல் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவருக்கு ஆட்சேபணை மனு மூன்று பக்கம் வந்தது. ஒப்பந்த நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போட்டோம். மறுநாள் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் அதே மாதிரி மடித்த காகிதம்.