நல்கை விண்ணப்பத்துக்கு முன் கையில் இருக்க வேண்டிய கடிதம்

ஆவணக் காப்பகப் பணியில் இருப்பதால், மொழி, வரலாறு, கலை ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் தங்கள் நல்கை (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பங்களை அனுப்பும் முன் என்னிடம் காட்டுவதுண்டு. அவர்களில் பலர் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதந்தோறும் தரும் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை மட்டுமே அறிந்திருக்கிறார்கள்; அது கைகூடாவிட்டால் வேறு வழியில்லை என்றெண்ணிக் கடன் வாங்கி ஆய்வை நடத்துகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். பெறுவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆனால் கண்டின்ஜென்சி எனப்படும் ஆய்வுச் செலவுத்தொகை, கலைப் பிரிவினருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். ஊர் ஊராகச் சென்று சுவடிகளைப் படமெடுப்பவருக்கு இது எம்மட்டு? வாழ்க்கைச் செலவுக்கும் ஆய்வுச் செலவுக்கும் தனித்தனியாகத்தான் வழி தேட வேண்டும். ஆனால் ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகை பெறுவதற்கு விதி இடந்தராது என்பதால், ஆய்வுச் செலவுக்கு வேறு நல்கை பெறலாமா என்று நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது.

நல்கை தரும் அமைப்புகளில் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் சிலருக்காவது தெரிந்தவையே. அதிகம் அறியப்படாதது, பெங்களூரில் இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யாத தனி ஆய்வாளரும் அதற்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் இந்திய மொழிகளிலேயே எழுதலாம் என்பதால், தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் தடுமாறுவோரிடம் இதைத் தவறாமல் சொல்லுவேன்.

அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் கையாள்வோருக்கு, லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இத்திட்டத்தின்கீழ் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களையும் பழைய ஸ்டுடியோப் புகைப்படங்களையும் எண்மமாக்கியுள்ளது, அதாவது டிஜிட்டல் படிமங்களாக மாற்றியுள்ளது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகாது, படிமங்கள் மட்டுமே பகிரப்படும் என்பதை உரிமையாளரிடம் முதல் நாளே விளக்கிச் சொன்னால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

உரிமையாளரின் மீதிப் பாதி அச்சத்தில்தான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன. ஒரு குடும்பத்தின் பரண்மேல் இருந்த கணக்கேடுகளுக்காக ஓர் இளம் ஆய்வாளர் அருமையான முன்மொழிவு எழுதினார். மூத்தவரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பியிருந்தார். கையெழுத்துக்குச் சென்ற அன்று தம்பிமார் மறுத்துவிட்டனர். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது. பாகம் பிரியாத சொத்தென்றால் பங்காளிகள் அனைவரிடமும் சம்மதக் கடிதம் பெற்ற பிறகே முன்மொழிவின் முதல் வரியை எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து வலியுறுத்தி வருகிறேன்.

முன்மொழிவிலும் தமிழின் தொன்மையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எத்தனை சுவடிக் கட்டுகள், ஏறக்குறைய எத்தனை ஏடுகள், எந்த அளவு செல்லரித்துள்ளன, நாளொன்றுக்கு எத்தனை படிமம் எடுக்க இயலும் என்பவற்றை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது அந்த அரைப் பக்கத்தைத்தான். செலவுப் பட்டியலில் கேமராவும் பயணமும் இடம்பெறுகின்றன. பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் பிழையின்றிப் படித்துச் சொல்லும் உள்ளூர்ப் பெரியவருக்கான மதிப்பூதியம் பெரும்பாலும் விடுபடுகிறது. அதை ஒரு தனி வரியாகச் சேர்த்த பிறகே பட்டியலைத் திருப்பிக் கொடுக்கிறேன்.