ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: மணிக்கட்டில் அக்குபஞ்சர் ஊசி குத்தினால் நிற்குமா?

பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வார்டுக்கு வந்தவர்கள் பல நேரம் புலம்புவது வலியைப் பற்றி இல்லை, குமட்டலைப் பற்றித்தான். பொது மயக்க மருந்து எடுப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வாந்தி வரும். பெண்கள், சிகரெட் பிடிக்காதவர்கள் (இதற்காக யாரும் ஆரம்பிக்க வேண்டாம்), பிறகு மார்பின் வகை வலிமருந்து தேவைப்படுபவர்கள், அப்புறம் ஏற்காடு போகும்போது கொண்டை ஊசி வளைவு தொடங்கியதுமே எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிக்கும் நம்ம தி.நகர் அத்தை மாதிரி ஆட்கள், இவர்களுக்கெல்லாம் வாய்ப்பு அதிகம். எல்லாம் ஒருவரிடமே சேர்ந்தால் 80 சதவீதம் வரைகூடப் போகும்.

மயக்க வாயுவும் வலிமருந்தும் மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்பும் பகுதியை உசுப்பிவிடுகின்றன. வழக்கமாகப் போடும் ஓண்டன்செட்ரான் ஊசி, அங்கே போகும் செரோட்டோனின் செய்தியை மறிக்கிறது.

சரி, அக்குபஞ்சர் எங்கே வருகிறது? உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் மூன்று விரல் அகலம் தள்ளி அழுத்திப் பாருங்கள், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பள்ளமாக ஓர் இடம் இருக்கும் (சிலருக்கு அதில் ஒரு நாண் பிறவியிலேயே இருக்காது, அது கோளாறு இல்லை). இதற்குப் பெயர் பி6. இதன் அடியில்தான் கையின் நடுநரம்பு ஓடுகிறது.

1980களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டி இந்த இடத்தில் குத்திச் சோதித்தார், வாந்தி குறைந்தது. பிறகு அவர் குழு செய்ததுதான் சுவாரசியம்: அதே இடத்தை மரத்துப்போகும் ஊசி போட்டு மரக்க வைத்தபிறகு குத்தினார்கள், பலன் போய்விட்டது. அப்படியென்றால் இங்கிருந்து ஏதோ ஒரு செய்தி நரம்பு வழியாகத்தான் மேலே போகிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம், 'சக்தி ஓட்டம்' என்று அக்குபஞ்சரில் பாரம்பரியமாகச் சொல்லும் விளக்கம் தேவைப்படவில்லை.

2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேனின் குழு 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. போலியாகக் குத்துவதை, அழுத்துவதைவிட பி6 தூண்டலில் வாந்தி சுமார் 40 சதவீதம் குறைவு, மருந்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம். ஆனால் பல ஆய்வுகள் நேர்த்தியாகச் செய்யப்பட்டவை அல்ல, அதனால் நான் மருந்துக்குப் பதிலாக என்று சொல்லமாட்டேன், மருந்தோடு சேர்த்து என்பேன்.

ஊசி பயமென்றால் அந்த இடத்தை அழுத்தும் கைப்பட்டையும் உண்டு. ஊசிதான் என்று முடிவெடுத்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.